கப்பலேறி வந்த எங்கள் ஊர் டீம்

முதல் ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு இரண்டொரு வருஷம் முன்பு, கொழும்புத் துறைமுகத்தில் நடந்தது இது. கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைச் சரிபார்க்கும் குமாஸ்தாவாக அங்கே எனக்கு வேலை. சொந்த ஊர் பாளையங்கோட்டை. சோறும் சம்பளமும் கொழும்பில்தான், ஆனால் மனசு முழுக்க ஊரில் பந்தாட்டம் நடக்கும் மைதானத்தில் கிடந்தது.

சிரிக்காதீர்கள். தூத்துக்குடியிலிருந்து புறப்படும் கப்பல் காலையில் கொழும்புக்கு வந்து சேரும். இறங்குகிறவர்களில் நம் பக்கத்து ஆள் யார் என்று பேச்சை வைத்தே கண்டுபிடித்து வழிமறித்துவிடுவேன். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்னால், "அண்ணாச்சி, போன சனிக்கிழம நம்ம பயலுவ செயிச்சானுவளா?" என்றுதான் கேட்பேன். பந்தைக் கண்ணால் பார்த்திராத உடன்குடிக் கருப்பட்டி வியாபாரிகூட அரைகுறையாக எதையாவது சொல்லுவார். நாலு பேர் சொன்னதை ஒட்டுப்போட்டு, ஆட்டத்தை முழுசாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொள்வேன். நான் ஊரைவிட்டு வந்த பிறகு சேர்ந்த டீம் அது. ஆனாலும் யார் இடது காலால் அடிப்பார், யார் கோபக்காரர் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. நடுவில் நின்று கோல் போடுகிறவரை ஊரே 'சென்டர்' என்றுதான் சொல்லும். அவர் என்றால் எனக்கு உயிர்.

அந்த டீமே கொழும்புத் துரைமார் டீமோடு ஆடக் கப்பலேறி வருகிறது என்று தெரிந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. வந்து இறங்கும் நாளில் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு முதல் ஆளாகத் துறையில் போய் நின்றேன். ஆட்டம் மறுநாள் சாயங்காலம்.

அப்போது எங்கும் பிளேக் பயம். இந்தியாவிலிருந்து வருகிறவர்களை ஒரு கொட்டகையில் வரிசையாக நிறுத்தி, அக்குளையும் தொடை இடுக்கையும் டாக்டர் தொட்டுப் பார்த்த பிறகுதான் வெளியே விடுவார்கள். ஒருவருக்குக் காய்ச்சலும் கட்டியும் இருந்தால், கூட வந்த அத்தனை பேரையும் சேர்த்துக் காரண்டீன் முகாமுக்குத் தள்ளிவிடுவார்கள். உள்ளே போன சிலர் திரும்பவே இல்லை என்று துறைமுகத்தில் பேச்சு உண்டு.

நான் கொட்டகை வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழெட்டுப் பேருக்குப் பரிசோதனை முடிந்திருந்தது. அடுத்து வந்தவர் நல்ல உயரம். கேள்விப்பட்டிருந்தபடியே இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. சென்டரேதான். டாக்டரின் கை அவர் தொடை இடுக்கில் பட்டு, அப்படியே நின்றது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். உதவியாளரிடம் ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான், சென்டரைச் சுற்றி இடம் காலியாகிவிட்டது. கூட வந்த தோழர்களே சுவரோரம் ஒதுங்கிக்கொண்டார்கள். போலீஸ்காரர் வாசலை மறித்து நின்றார்.

டாக்டர் நல்ல மனுஷர், எடுத்ததுமே முடிவு கட்டவில்லை. உடம்பில் எங்கேயாவது புண் இருக்கிறதா என்று விசாரிக்கச் சொன்னார். டீம் கேப்டன் எட்டி நின்றபடியே தமிழில் கேட்டார்.

"ஒண்ணும் கெடையாது. கப்பக் காத்து ஒத்துக்கல, அவ்வளவுதான்" என்றார் சென்டர். சொல்லும்போதே உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

புண் இல்லாமல் கட்டி என்றால் பிளேக்தான். டாக்டரின் முகம் இறுகிவிட்டது. முகாம் வண்டியைக் கொண்டுவர ஆள் ஓடினான்.

எனக்குச் சுரீரென்று நினைவு வந்தது. கொஞ்ச நாளைக்கு முன்னால் வந்திறங்கிய ஏரல்காரர் ஒருவர் சொல்லியிருந்தார்: "நம்ம சென்டருக்கு வலது உள்ளங்கால்ல உடைமரத்து முள்ளு ஏறி, உள்ளயே ஒடிஞ்சிட்டு வே. அதோடயே ஓடிப்போயி கோல் போட்டாம்லா!" அன்று அதைக் கேட்டுக் கைதட்டினேன். காலில் புண் வைத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும், காய்ச்சல் காயும். இது நம் ஊரில் யாருக்குத் தெரியாது? பின்னே ஏன் இந்த மனுஷர் மறைக்கிறார்? சொன்னால் நாளைக்கு ஆட விடமாட்டார்களே, அதனால்தான்! முள்ளை எடுத்தாகிவிட்டது என்று தோழர்களையும் நம்பவைத்திருப்பார்.

ஆனால் அந்த ஏரல்காரர் சரியான புளுகர். ஒரே ஆட்டத்தில் நம்மவர்கள் ஒன்பது கோல் போட்டதாக அளந்தவர். அவர் பேச்சை நம்பி நான் உள்ளே போய், கடைசியில் அது நிஜமாகவே பிளேக்காக இருந்துவிட்டால்? என்னோடு ஒரே அறையில் படுத்துக் கிடக்கிறவர்களுக்கு நானே அல்லவா அதைக் கொண்டுபோய்க் கொடுப்பேன்? வெளியே வண்டிச் சத்தம் கேட்டது.

போலீஸ்காரருக்கு என்னைத் தெரியும். அவர் கையை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டேன். காலியாகக் கிடந்த அந்த இடத்தைக் கடந்து சென்டர் பக்கத்தில் போய் நின்றேன். "அவருடைய வலது உள்ளங்காலைப் பாருங்கள்" என்று அவர் காலைச் சுட்டிக்காட்டி டாக்டரிடம் இங்கிலீஷில் சொன்னேன்.

சென்டர் என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். "யாருவே நீரு? எங் காலப் பத்தி என்னமோ சொல்லுதீரு?"

ராத்திரி பகலாக நான் நினைத்துக்கொண்டிருந்த மனுஷர், என்னை யார் என்று கேட்கிறார். கேட்பதும் நியாயம்தானே.

"பாளையங்கோட்டைக்காரன்தான். ஒம்ம காலுக்குள்ள உடைமுள்ளு கெடக்கு. காட்டும்வே. இல்லன்னா ஒம்ம கூட வந்த அம்புட்டுப் பேரையும் முகாமுக்குக் கொண்டுபோயிருவாவ."

"நான் நாளைக்கு ஆடணும்வே" என்றார். சுவரோரம் நின்ற தோழர்களை ஒருமுறை பார்த்தார். பிறகு பைய உட்கார்ந்து காலை நீட்டினார்.

உள்ளங்காலில் ஒன்றுமே இல்லை! எனக்கு உயிரே போய்விட்டது. டாக்டர் குனிந்து கட்டைவிரலால் அங்குமிங்கும் அழுத்திப் பார்த்தார். ஓரிடத்தில் தோல்போல இருந்தது பெயர்ந்து வந்தது. மெழுகையும் செம்மண்ணையும் குழைத்துப் புண்ணை அடைத்து வைத்திருக்கிறார்! சீழ் பீறிட்டது, சென்டர் அலறினார். இடுக்கி வைத்து டாக்டர் இழுத்ததும் கன்னங்கரேலென்று முள் வெளியே வந்தது.

இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். டீமை வெளியே விட்டார்கள். சென்டர் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

மறுநாள் அவருக்குத் துணைக்கு ஆள் வேண்டும். டீமிலிருந்து யாரும் இருக்க முடியாது. நான் இருந்துகொண்டேன். ஆட்டத்தைப் பார்க்க முடியவில்லையே என்று வயிறு எரியவில்லை என்று சொன்னால் அது பொய். மைதானம் பக்கத்தில்தான் இருந்தது. காற்று வாக்கில் சத்தம் வரும்போதெல்லாம் சென்டர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நம்ம கோலா, அவனுவ கோலா?" என்று கேட்டார். துரைமார் கோல் போட்டால் இத்தனை சத்தம் வராது, நம்முடையதுதான் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன்.

ஒரே ஒரு கோலில் தோற்றுப்போனோம். கேப்டன் வந்து சொல்லிவிட்டுப் போனதும் சென்டர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் ஆடியிருந்தால் ஜெயித்திருப்போமே என்று நானும்தான் நினைத்தேன். பிறகு அவரே என் பக்கம் திரும்பினார்.

"அந்த முள்ளோட ஒரு கோல் போட்டேனே, அதப் பத்தி ஒம்மகிட்ட என்ன சொன்னாவ?"

சொன்னேன். "அப்படி இல்லவே, இங்கன கேளும்" என்று எழுந்து உட்கார்ந்து, தலையணையைப் பந்தாக்கி, கையைக் காலாக்கி, நடந்தது நடந்தபடி காட்டினார். விளக்கேற்ற ஆள் வந்தபோதும் நாங்கள் அந்த ஆட்டத்தில்தான் இருந்தோம்.

கால் பிழைத்தது, ஆனால் அவர் மறுபடி சென்டரில் ஆடவில்லை. அவர் பந்தை உதைத்து ஒரு தடவையாவது பார்க்கும் பாக்கியம் எனக்கு இல்லை, ஆனாலும் எங்கேயோ இருந்துகொண்டு ஊரையே நினைத்து உருகுவது வீண் வேலை என்று யாராவது சொன்னால், அந்த வீண் வேலை ஒரு மனுஷனின் காலைக் காப்பாற்றியது என்று இன்றைக்கும் நெஞ்சு நிமிர்த்திச் சொல்வேன்.