வாடகைக்கு வந்த காலேஜ்

போன சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பழைய கோட்டுக்காக எழுந்து நின்று கைதட்டினேன். கோட்டுக்குள் ஆள் யாரும் கிடையாது. வெறும் கோட்டு. கூட இருந்த ஆபீஸர்கள், குமாஸ்தாக்கள், ஒரு வெள்ளைக்காரத் துரை எல்லோரும் தட்டினார்கள். எனக்குக் கை சிவந்துபோயிற்று.

ஏன் தட்டினேன் என்று சொல்வதற்கு முன்னால் மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மணி எங்கள் ராயபுரத்துப் பையன். எனக்கு மூன்று வீடு தள்ளி. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா அஞ்சலை மீன் கூடை சுமந்தே மகனை எஞ்சினியர் ஆக்கினாள். பெரிய காலேஜில் இடம் கிடைக்கவில்லை. எங்கேயோ வெளியூரில், அப்போதுதான் திறந்திருந்த ஒரு காலேஜில் சேர்ந்தான். நன்றாகவே படித்தான். ஆனால் அந்தக் காலேஜின் பெயரைச் சொன்னால் யாரும் "அப்படியா?" என்று கேட்கமாட்டார்கள். "அது எங்கே இருக்கு?" என்றுதான் கேட்பார்கள்.

பீச் பக்கத்துக் கம்பெனிகளிலும் அதே கேள்விதான். பையன் ஏறாத மாடிப்படி இல்லை. உட்காரக்கூடச் சொல்லாமல் அனுப்பிவிடுவார்கள். கடைசியில் மாமன்காரர் யாரையோ பிடித்து, திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கணக்கெழுதும் வேலைக்கு ஏற்பாடு செய்துவிட்டார். திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். படித்த எஞ்சினியரிங்கை மூட்டை கட்டிப் பரண்மேல் போட வேண்டியதுதான்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஓர் இன்டர்வியூ வந்தது. ஆலோசனைக் கம்பெனி. அப்படியென்றால்? புதிதாக ஆலை கட்டுகிறவர்களுக்கு இடம் எது, இயந்திரம் எப்படி, தோணித்துறையை எந்தப் பக்கம் வைப்பது என்று யோசனை சொல்லிக் காசு வாங்கும் கம்பெனி. நம் தெருவில் இதை ஓசியில் சொல்ல ஆயிரம் பேர் உண்டு... அது வேறு விஷயம்.

அந்த மாதிரிக் கம்பெனியில் காலேஜை ரொம்பவே பார்ப்பார்கள். ஏன் என்று நானும் யோசித்திருக்கிறேன். தீப்பெட்டி விற்றால் ஒரு குச்சியை உரசிப் பார்த்து வாங்கலாம். மீன் விற்றால் செவுளைத் தூக்கிப் பார்க்கலாம். யோசனையை எதை வைத்துச் சோதிப்பது? அது பலித்ததா இல்லையா என்று தெரிவதற்குள் கட்டடமே எழும்பிவிடும். அதனால் யோசனை சொல்லும் ஆள் எங்கே படித்தான் என்று பார்த்து மனசைத் தேற்றிக்கொள்கிறார்கள்.

இதெல்லாம் அஞ்சலைக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். எங்கள் பக்கத்தில் கல்யாண ஊர்வலம் என்றால் மாப்பிள்ளை கோட்டுப் போட வேண்டும். சொந்தக் கோட்டு யாரிடம் இருக்கிறது? சலவைக்காரரிடம் போவார்கள். பெரிய மனிதர்கள் வீட்டிலிருந்து இஸ்திரிக்கு வந்த கோட்டு ஒரு நாள் வாடகைக்குக் கிடைக்கும். போட்டுக்கொண்டு, மாலையும் கழுத்துமாக ஊர்வலம் வந்து, மறுநாள் திருப்பிக் கொடுத்துவிடலாம். கோட்டின் சொந்தக்காரருக்குத் தன் கோட்டு எத்தனை கல்யாணம் பார்த்திருக்கிறது என்று கடைசிவரை தெரியாது.

வியாழக்கிழமை அஞ்சலை வண்ணாரப்பேட்டைக்குப் போய், சலவைக்கார முனுசாமியிடம் நல்ல வவ்வால் மீனாகக் கொடுத்து, இருந்ததிலேயே ஜோரான கோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். கருநீலம். பித்தளைப் பொத்தான். மார்பில் தங்க ஜரிகையில் ஒரு சின்னம். அந்த ஜரிகைக்காகத்தான் எடுத்தாளாம்.

மணிக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அது வெறும் ஜரிகை இல்லை. பெரிய காலேஜின் முத்திரை! அவனுக்கு இடம் கிடைக்காத அதே காலேஜ். அம்மாவிடம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறான்.

"கண்ணாலத்துக்குப் போற மாப்ள கோட்டு போட்டுகினு போறான். வேலைக்குப் போறவன் மட்டும் இன்னா, தொங்கின மூஞ்சியோட போவணுமா?" என்றாளாம் அஞ்சலை. "ராசா மாதிரி கீறே. போய் வா நைனா."

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு கோட்டைக் கழற்ற அவனுக்கு மனசு வரவில்லை. எனக்கு மட்டும் வந்திருக்குமா?

இன்டர்வியூவில் துரையும், அவருக்கு அடுத்தபடியான ராஜரத்தினம் என்ற நம்மூர் ஆபீஸரும் இருந்தார்கள். துரை கோட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்து உட்காரச் சொன்னார். அப்புறம் விண்ணப்பத்தைப் பார்த்தார். காகிதத்தில் ஒரு காலேஜ், மார்பில் ஒரு காலேஜ்! ராஜரத்தினமோ காகிதத்தைப் பார்க்கவே இல்லை. கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது பொத்தானில் அவர் கண் நிலைகுத்தி நின்றதாம்.

"இந்தக் கோட்டு உமக்கு எப்படிக் கிடைத்தது?" என்று துரை கேட்டார்.

மணி உண்மையைச் சொல்லிவிட்டான். வண்ணாரப்பேட்டை, சலவைக்காரர், வாடகை எல்லாவற்றையும். துரைக்குச் சிரிப்பதா, வெளியே போகச் சொல்வதா என்று தெரியவில்லை. இது யோசனை சொல்லும் கம்பெனியாயிற்றே, எங்கே, எங்களுக்கு ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போ பார்க்கலாம் என்றார்.

மணி பதில் சொன்னது இங்கிலீஷில். அன்று சாயங்காலம் என்னிடம் அதையே ராயபுரத்துத் தமிழில் சொன்னான்:

"இத்தினி ஆபீஸ் ஏறி எறங்கிக்கீறேன், ஒருத்தரும் குந்துன்னு சொன்னதில்ல. இன்னிக்கிதான் சொன்னீங்க. அதுவும் என்னைச் சொல்லல, கோட்டைச் சொன்னீங்க. நீங்க தேடுற காலேஜு வண்ணாரப்பேட்டையில வாடகைக்குக் கெடைக்குது சார். அத்த விட்டுட்டு ஆளைப் பாருங்க. இதான் என் யோசனை."

துரை மேஜையைத் தட்டிச் சிரித்தாராம். அப்புறம் ஒரு மணி நேரம் எஞ்சினியரிங் கேள்வியாகப் போட்டுப் பிழிந்தார்கள். மணி ஒன்றுக்கும் அசரவில்லை. கடைசியில் ராஜரத்தினம்தான், "இவனை எடுத்துக்கொள்ளலாம்" என்றார். திங்கட்கிழமை மணி திருவொற்றியூருக்குப் போகவில்லை. எங்கள் தெருவே அன்று மீன் குழம்பு சாப்பிட்டது, அஞ்சலை உபயம்.

இது நடந்து சில வருஷம் ஆகிறது. போன சனிக்கிழமை ராஜரத்தினம் ரிட்டையர் ஆனார். பிரிவுபசாரத்துக்கு மணி என்னையும் அழைத்துப் போயிருந்தான். அஞ்சலை புதுப் புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

மாலை போட்டு, பேசி முடித்ததும் ராஜரத்தினம் எழுந்தார். ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். கருநீலக் கோட்டு! பித்தளைப் பொத்தான், அதே முத்திரை. இரண்டாவது பொத்தான் மட்டும் வேறு நூலில் தைத்திருந்தது.

"இந்தக் கோட்டு என்னுடையது. இதைப் போட்டுக்கொண்டு வந்து மணி என் எதிரிலேயே உட்கார்ந்தான்" என்றார்.

மணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷமாக ஒரே அறையில் வேலை பார்க்கிறான், மனிதர் மூச்சு விடவில்லையே! அன்றைக்கே ஏன் சார் சொல்லவில்லை என்று கேட்டான்.

ராஜரத்தினம் துரையை ஒரு பார்வை பார்த்தார். ரிட்டையர் ஆகிவிட்ட தைரியம் முகத்தில் தெரிந்தது.

"எப்படியப்பா சொல்லுவேன்? என் கோட்டுன்னு சொன்னா, நீங்க எந்த வருஷம் அங்கே படிச்சீங்கன்னு துரை கேட்பாரே! என் காலேஜ் பேரும் யாருக்கும் தெரியாது. வேலைக்கு வந்த புதுசுல மூர் மார்க்கெட்டில் பழைய துணிக் கடையில் இதை வாங்கினேன். நாற்காலியில் தொங்கவிட்டேன். அப்புறம் என்னை ஒருத்தரும் ஒண்ணும் கேட்கலை."

துரைதான் முதலில் கைதட்டினார். அப்புறம் எல்லோரும். ராஜரத்தினம் அந்தக் கோட்டை மணியின் தோளில் போர்த்தினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன வெட்கம்?

முன்வரிசையிலிருந்து அஞ்சலையின் குரல் மட்டும் கேட்டது. "இன்னா நைனா, இத்தை இன்னுமா முனுசாமிகிட்ட திருப்பிக் குடுக்கல?"

ஆக, மணி, ராஜரத்தினம், கோட்டு இந்த மூவரில் பெரிய காலேஜுக்கு உண்மையாகவே போய் வந்தது யார் என்று கேட்டால்... அந்தக் கோட்டு மட்டும்தான்!