ஐந்து பேருக்கு ஒரு ரேவதி: விழிஞ்ஞம் போய் வந்த கதை

குழந்தைகளின் மனநலத்தைக் கவனிக்க, ஆரம்ப சுகாதார நிலைய ஊழியர்களுக்குத் திருவனந்தபுரத்தில் இரண்டு நாள் பயிற்சி. நாகர்கோவில் பக்கம் செவிலியராக இருக்கும் நான் ஜூன் மாதம் போனேன். இனிமேல் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

காலை ரயிலில் எழுபது கிலோமீட்டர், ஏறக்குறைய இரண்டு மணி நேரம். திருவனந்தபுரம் ஸ்டேஷன் இருக்கும் தம்பானூரில் இறங்கினால் எதிரிலேயே பஸ் நிலையம். முதல் நாள் ஏசி அறையில் வகுப்பு. 'குழந்தையிடம் பொறுமையாகப் பேசுங்கள்' என்று நாள் முழுக்கச் சொன்னார்கள். மதியம் மீன் பொரியல் அருமை, அதில் குறை சொல்ல மாட்டேன்.

மறுநாள் பதினாறு கிலோமீட்டர் தள்ளி, விழிஞ்ஞம் பக்கம் ஒரு சுகாதார நிலையம். எங்கள் ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே குழந்தை. பெயர் ரேவதி, பத்து வயது. அப்பா திருநெல்வேலியிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். பள்ளிக்கூட நாளில் மட்டும் அவளுக்கு வயிற்றுவலி. ஆளுக்கொரு முறை அதே கேள்விகளைக் கேட்டுப் பழக வேண்டுமாம். மற்றவர்கள் சுற்றி நின்று பார்க்க வேண்டுமாம்.

முதல் ஆளுக்குத் தலை குனிந்தாள். இரண்டாம் ஆளுக்கு அழுதாள். மூன்றாம் ஆளுக்கு வாயே திறக்கவில்லை. நான்காம் ஆள் ஆரம்பித்ததுமே, "வலி சரியாப் போச்சு சார்" என்றாள். பயிற்சி தந்த மலையாளி டாக்டருக்கு வாயெல்லாம் பல். "கண்டோ, பேசிப் பேசியே மாறிடுச்சு!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "விட்டாப் போதும்னு பொய் சொல்லுது டாக்டர். எல்லாரும் வெளிய போங்க."

"சமயம் இல்லல்லோ சிஸ்டர். சர்டிபிகேட் கொடுக்கணும்."

"அத நீங்களே வச்சுக்கிடுங்க."

முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். நான் எதுவும் கேட்காமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து அவளே பேசினாள். "ஸ்கூல்லயும் இப்பிடித்தான் அக்கா. மலையாளம் வாசிக்கச் சொல்லி கிளாஸ் நடுவுல நிக்க வைப்பாங்க. சுத்தி எல்லாரும் பாத்துச் சிரிப்பாங்க. நாளைக்கும் நீங்க வருவீங்களா?"

வெளியே வந்து டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாளைக்கு இவளை யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். "நல்ல பாயின்ட். ஃபீட்பேக்ல எழுதிடுங்க சிஸ்டர்" என்றார்.

போகிறவர்கள் குடை எடுத்துக்கொள்ளுங்கள், மழை சொல்லாமல் வரும். விழிஞ்ஞம் பஸ் கிழக்கேகோட்டையில் கிடைக்கும். பயிற்சி தொடங்கும் முன்பே, நாம் ஊர் திரும்பிய பிறகு அந்தக் குழந்தையோடு யார் உட்காருவார் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால், தயவுசெய்து எந்தக் குழந்தையையும் நடுவில் நிறுத்தாதீர்கள்.