யாருடைய கணினியில் இருக்கிறது?

புதுக்கடையில், பிறப்புச் சான்றிதழ்களையும் சத்தியக்கடதாசிகளையும் மொழிபெயர்த்துக் கொடுக்கும் சிறிய கந்தோர் ஒன்றில் வேலை செய்தேன். மூன்று பேர், மூன்று கணினிகள். அவற்றை வயர் போட்டு இணைப்பது என்று முடிவானதும், கோப்புகளை எங்கே வைப்பது என்று பெரிய வாக்குவாதம் வந்தது.

என்னோடு வேலை செய்த சிங்கள அக்கா, எல்லாவற்றையும் ஒரே கணினியில் வைத்து, மூவரும் அதிலிருந்து எடுக்கலாம் என்றார். கந்தோரை நடத்திய முதலாளி அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"பக்கத்தில குண்டு வெடிச்சா எல்லாம் ஒண்டாப் போயிடும். அவரவர் வேலை அவரவர் மெஷின்ல இருக்கட்டும். தேவையெண்டா ஆளுக்காள் எடுப்பம்."

போர் நடந்த அந்த நாட்களில் இதை மறுத்துப் பேச யாரால் முடியும்? அப்படியே செய்தோம்.

பிறகு ஒரு காலை, வெள்ளவத்தையில் நான் குடியிருந்த ஒழுங்கையை இராணுவத்தினர் சுற்றிவளைத்தார்கள். அடையாள அட்டை இருந்தும் என்னை விசாரணைக்குக் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். கொட்டாஞ்சேனைத் தாய் ஒருவருக்கு மறுநாள் தூதரகத்தில் நேர்முகம். அவருடைய மொழிபெயர்ப்பு என் கணினியில் இருந்தது. அதைத் திறக்கும் பாஸ்வேர்ட் எனக்கு மட்டுமே தெரியும். என்னை விடுவார்களா என்ற பயமும் அந்தத் தாயின் நினைப்பும் மாறிமாறி வந்தன.

பின்னேரம்தான் விட்டார்கள். பஸ் பிடித்து ஓடினேன். அந்தத் தாய் கந்தோர் வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தார். அக்கா ஓடிவந்து, சொந்தத் தங்கையைப் போல என்னைக் கட்டிப்பிடித்தார்.

"ஐயோ நங்கி, எவ்வளவு பயந்தது தெரியுமா!"

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அந்தத் தாய் விடவில்லை.

"மகள், நீங்க வந்து சேர்ந்ததே பெரிசு. முதல்ல தண்ணியக் குடிங்க."

குடித்துவிட்டு அச்செடுத்துக் கொடுத்தேன். அவர் போனதும் அம்மா சொன்னார்:

"ஒரே மெஷின்லயே வைப்பம். ஒவ்வொரு நாளும் வேலை முடிய, அதில இருக்கிறதையெல்லாம் டிஸ்க்ல கொப்பி எடுத்து நான் வத்தளையில என்ர வீட்டுக்குக் கொண்டுபோறன். இங்க என்ன நடந்தாலும் அங்க இருக்கும்."

அடுத்த வாரமே மாற்றினோம். சில மாதங்களின் பின் சோதனைச்சாவடியில் மறித்து வைத்ததில் மத்தியானம்தான் போய்ச் சேர்ந்தேன். நான் பாதியில் விட்ட காணி உறுதியின் மொழிபெயர்ப்பை அக்கா பொதுக் கணினியிலிருந்து எடுத்து, தன் கணினியிலேயே முடித்து அனுப்பியிருந்தார். எனக்கு அவசரமான வேலை எதுவும் மிச்சமில்லை. மூவரும் ஒன்றாக உட்கார்ந்து சோறு சாப்பிட்டோம்.