கரும்புக்குத் தப்பிய ஏரோப்ளேன்

கச்சிராயபாளையத்தில் தீனதயாளன் வீடு எது என்று கேட்டால் யாரும் கை காட்ட மாட்டார்கள். மோட்டாருக்குக் காயில் கட்டுற தீனா என்றால் பாதிப் பேர் காட்டுவார்கள். ஏரோப்ளேன் தீனா என்று கேட்டுப் பாருங்கள், டவுன் பஸ் டிரைவர்கூட வண்டியை ஓரங்கட்டி வழி சொல்வார். கூடவே ஒரு சிரிப்பும் கிடைக்கும், அது இலவசம்.

வயது நாற்பத்தாறு. எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கள்ளக்குறிச்சியில் ஒரு மோட்டார் கடையில் போய் உட்கார்ந்தவர். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகின கம்பியை உருவிப் போட்டு, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பது தொழில். இப்போது சொந்தக் கடை. சுற்று வட்டாரத்துப் போர்வெல் மோட்டார்கள் சீக்காளி மாதிரி அவர் கடை வாசலில்தான் வரிசையாகப் படுத்துக் கிடக்கும். இந்த வேலைக்கு நாள் பூராவும் குனிந்தே கிடக்கவேண்டும். எதிரில் வருகிற ஆளை முகத்தை வைத்து இல்லை, செருப்பை வைத்துத்தான் தீனா அடையாளம் சொல்வார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பாதி பொய்தான்.

அப்படிக் குனிந்து கிடந்த மனுஷனை அண்ணாந்து பார்க்க வைத்தது ஒரு கல்யாணம். மண்டபத்துக்கு மேலே போட்டோக்காரன் டிரோன் விட்டான். சனமெல்லாம் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்க்க, தீனா வானத்தைப் பார்த்தார். பந்தியிலும் அதே நினைப்பு. பாயசத்தில் ரசத்தை வாங்கிக்கொண்டார்.

"மோட்டார்தான செல்வி சுத்துது? மோட்டார்னா நம்ம சரக்கு" என்றார் பெண்டாட்டியிடம்.

செந்தமிழ்ச்செல்வி மணலூர்பேட்டைக்காரி. புருஷன் குரலில் அந்தக் குழைவு வந்தால் வீட்டில் ஏதோ இடம் அடைக்கப் போகிறது என்று அவளுக்குத் தெரியும்.

அடைத்தது. போனில் வீடியோ பார்த்து, அட்டையும் தெர்மாகோலும் அறுத்து, தபாலில் வந்த முட்டையளவு மோட்டாரை மூக்கில் வைத்து, கையில் ஒரு ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு தீனா ப்ளேன் விட ஆரம்பித்தார். டிரோன் இல்லை, ரெக்கை வைத்த அசல் ப்ளேன். இரண்டு முழ நீளம். ஏற்றுவதில் ஒரு சிக்கலும் இல்லை, கையால் வீசினால் போய்விடும். இறக்குவதில்தான் கரும்பு வந்து குறுக்கே நின்றது.

அந்தப் பக்கத்தில் எங்கே பார்த்தாலும் கரும்பு. ரோட்டில் இறக்கலாம் என்றால் டிராக்டர் வரும். மற்றதெல்லாம் ஆள் உயரத்துக்கு மேலே கரும்புத் தோட்டம். உள்ளே விழுந்த ப்ளேனைத் தேடிப் போனால் சோகை இலை முகத்தை அறுத்துவிடும். ஆகவே விழுந்தது விழுந்ததுதான். சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டுக்கு உத்தரவு வந்து, ஆள் இறங்கி, அடிவரைக்கும் வெட்டி முடிக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். போன வெட்டில் கந்தசாமி தோட்டத்தில் மட்டும் மூன்று ப்ளேன் கிடைத்தது. ஒன்றில் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

கந்தசாமி பெரிய விவசாயி, தீனாவுக்குப் பழைய வாடிக்கை. ஆனாலும் பொறுமைக்கு ஒரு அளவு இருக்கிறதே.

"டேய் தீனா, இது ஆலைக்கு எழுதிக் குடுத்த கரும்புடா. உன் ப்ளேனையும் சேத்து அரைச்சுட்டான்னா நாளைக்கி சக்கரைக்கு ரெக்க மொளைச்சிக்கும்."

"காத்து தள்ளிடுச்சிணா."

"காத்து என் கொல்லைக்கு மட்டும்தான் தள்ளுமா? இன்னொரு தபா உள்ள வந்துச்சி, எருக்குழில போட்டு மூடிடுவன். சொல்லிட்டன்."

அன்றைக்குத்தான் தீனாவுக்குக் கோமுகி அணை ஞாபகம் வந்தது. தண்ணீர். சமமாக, அகலமாக, கரும்பில்லாமல். கல்வராயன் மலை அடிவாரத்தில் அவ்வளவு பெரிய மைதானம் சும்மா கிடக்கிறது. ப்ளேனுக்கு சக்கரத்தைக் கழற்றிவிட்டு இரண்டு மிதவை மாட்டினால் தண்ணீரிலேயே ஏறலாம், தண்ணீரிலேயே இறங்கலாம். கடையில் ரெடிமேடாகவே விற்கிறார்கள். போனில் விலையைப் பார்த்தார். போனைக் கவிழ்த்து வைத்தார்.

முதலில் இரண்டு தண்ணீர் பாட்டில். மூடியை இறுக்கி, கம்பியால் கட்டி விட்டார். பாட்டில் உருண்டை அல்லவா, வேகம் எடுத்ததும் மூக்கைத் தண்ணீரில் குத்தி, வாலைத் தூக்கி, வாத்து மீன் பிடிக்கிற மாதிரி நின்றது. அணையில் பரிசல் போட்டு மீன் பிடிக்கும் வீரமுத்துதான் எடுத்துக் கொடுத்தான்.

"தீனாணா, மேல போவுற வண்டின்னு சொன்ன? இது கீழ இல்ல போவுது?"

அடுத்தது தெர்மாகோல். ஃப்ரிட்ஜ் கடையில் பெட்டியோடு வருகிற கட்டியைச் சும்மா வாங்கி வந்து, ஹேக்ஸா பிளேடால் படகு மாதிரி செதுக்கினார். அழகாக வந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் தொழில் புத்தி சும்மா இருக்குமா? தண்ணீர் ஊறக்கூடாது என்றால் தீனாவுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான், மோட்டார் காயிலுக்கு ஊற்றுகிற வார்னிஷ். இருபத்தைந்து வருஷமாக எதற்கும் அதைத்தான் பூசுகிறார். வீட்டு வாசல் கதவுக்கும் அதுதான், செல்வியின் அரிவாள்மணைக் கட்டைக்கும் அதுதான். மிதவை இரண்டுக்கும் தாராளமாகப் பூசி வெயிலில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்தால் மிதவையைக் காணோம். தட்டில் புளியங்கொட்டை நிறத்தில் இரண்டு உருண்டை உட்கார்ந்திருந்தது. வார்னிஷ் தெர்மாகோலைத் தின்றுவிட்டது.

செல்வி எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க இது, கம்மர்கட்டா?"

தீனா உருண்டை இரண்டையும் குப்பையில் கொட்டினார். அடுத்த ஜோடிக்கு வார்னிஷ் இல்லாமல், பார்சல் கட்டுகிற பிரவுன் டேப்பை வழவழவென்று சுற்றினார். இது மிதந்தது. ஒரு சொட்டு ஊறவில்லை. ஆனால் எழும்பவும் இல்லை. மோட்டார் கத்துகிறது, ப்ளேன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடுகிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது. ஈரத்தில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்ட சில்வர் தட்டைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தண்ணீர் பிடித்தால் லேசில் விடாது. வழவழ அடியை அணை விடவே இல்லை.

"போட்டு நல்லா ஓடுதுணா" என்றான் வீரமுத்து. "என்னாண்ட வித்துடேன், வலை இழுக்கறதுக்கு ஆவும்."

அடுத்த தடவை விற்பது என்ற பேச்சு விளையாட்டாக வரவில்லை. அந்த வாரம் கடையில் மோட்டார் குவிந்து கிடந்தது. பயிர் காய்கிறது என்று ஒரு விவசாயி வீட்டு வாசலுக்கே வந்து சத்தம் போட்டார். அவர் சத்தம் போட்டபோது தீனா உள்ளே டேப் சுற்றிக்கொண்டிருந்தார். செல்விக்கு வந்ததே கோபம்.

"ஒரு முடிவுக்கு வாங்க. ஞாயித்துக்கெழம அது தண்ணியிலேர்ந்து எழும்புச்சின்னா நீங்க கெலிச்சீங்க. எழும்பலைன்னா எல்லாத்தையும் அந்த விழுப்புரத்துக்காரருக்குக் குடுத்துடணும்."

விழுப்புரத்தில் ஒருத்தர் ரிமோட்டிலிருந்து மோட்டார் வரைக்கும் மொத்தமாக வாங்கிக்கொள்வதாக ஏற்கெனவே கேட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வதாகவும் சொல்லியிருந்தார்.

"சரி" என்றார் தீனா. சொல்லிவிட்டார், ஆனால் அந்த ராத்திரி சோறு பாதிதான் இறங்கியது. ஆறு நாள் தரையைப் பார்த்துக் கம்பி சுற்றுகிறவர் ஏழாம் நாள் அரை மணி நேரம் மேலே பார்க்கிறார். அது போனால் அப்புறம் பார்ப்பதற்குச் செருப்புதான்.

சனிக்கிழமை பழைய டேப்பை உரித்துவிட்டுப் புது டேப் சுற்ற உட்கார்ந்தார். முன்பாதி முடிந்ததும் டேப் தீர்ந்துபோனது. காலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று இரண்டு மிதவையையும் குப்புறக் கவிழ்த்துப் பின்கட்டில் வைத்துவிட்டுப் படுத்தார். பின்கட்டு செல்வியின் கோழிகளுடையது. கோழிக்குத் தெர்மாகோல் என்றால் என்ன பிரியம் என்று மோட்டார்காரருக்கு யார் சொல்லிக் கொடுப்பார்கள்? விடிந்ததும் கூட்டைத் திறந்துவிட்டாள் செல்வி. ஐந்து கோழியும் நேராக மிதவைக்குத்தான் போயின. டேப் சுற்றின முன்பாதியில் அலகு இறங்கவில்லை. பின்பாதியில் பந்தி வைத்துவிட்டன.

தீனா வந்து பார்த்தபோது மிதவையின் பின்பாதி அடிப்பக்கம் இரண்டு விரல் ஆழத்துக்குக் காணோம். நடுவில் படிக்கட்டு மாதிரி ஒரு வெட்டு. சுற்றிலும் வெள்ளைப் பொரி.

"செல்வீ! உன் கோழி இன்னா பண்ணி வெச்சிருக்குது பாரு!"

அவள் வந்து பார்த்தாள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "எங்கோழிக்கி ஏதாச்சும் ஆச்சி, அப்பறம் இருக்குது உங்களுக்கு."

வேறு கட்டி கிடையாது. ஃப்ரிட்ஜ் கடைக்கு ஞாயிறு விடுமுறை. சொன்ன சொல் சொன்னதுதான். கொத்தின இடத்தை பிளேடால் சமமாகச் சீவி, அந்தப் படியோடு சேர்த்தே டேப் ஒட்டி, மாட்டிக்கொண்டு கிளம்பினார். தோற்கிற ஆள் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கமாட்டார். தீனா அன்று தலைகூடச் சீவவில்லை. டிவிஎஸ் வண்டியைச் செல்வி ஓட்ட, பின்னால் ப்ளேனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "நானும் வரேன். எழும்பலைன்னு நாலு பேரு சொல்லி நான் கேக்க வேணாம், கண்ணால பாத்துடறேன்" என்று அவள்தான் கூட வந்தாள்.

அணை ஓரம் வீரமுத்து வலை உதறிக்கொண்டிருந்தான். "அண்ணி, நீங்களுமா? இன்னிக்கி கடைசி ஆட்டமா?"

"ஆமாண்டா தம்பி. டிக்கெட்டு இல்ல, நீயும் பாரு."

தீனா ப்ளேனைத் தண்ணீரில் விட்டார். பின்பக்கம் கனம் தாங்க மிதவை கொஞ்சம் குறைவாக இருந்ததால் மூக்கைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தது. அவருக்கு அதுவே பிடிக்கவில்லை. ரிமோட்டைத் தள்ளினார். மோட்டார் கத்தியது. ப்ளேன் ஓடியது. வழக்கம் போலத்தான் ஓடியது. வீரமுத்து வாயைத் திறந்தான், என்னவோ சொல்லப் போனான்.

அதற்குள் தண்ணீரில் இழுபட்டுக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று அறுந்தது. கோழி கொத்தின படிக்கு அடியில் காற்றுப் புகுந்து தண்ணீரின் பிடி விட்டுப்போனது. மிதவை முனை மட்டும் தண்ணீரைத் தட்டித் தட்டி, அப்புறம் அதுவும் தட்டவில்லை. ப்ளேன் மலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

"போய்க்கினு இருக்குதுங்க!" என்று செல்வி கத்தினாள், அவருக்குத் தெரியாத மாதிரி.

தீனாவுக்குக் காது அடைத்துப்போனது. அந்த நேரம் பார்த்துச் சட்டைப் பையில் போன் அடித்தது. இரண்டு கையும் ரிமோட்டில். செல்வி பையில் கைவிட்டு எடுத்து, பேரைப் பார்த்தாள். விழுப்புரத்துக்காரர். நாலடி தள்ளிப் போனாள்.

"ஆங், அவரு வூட்டுலதான் பேசறேன்... இல்லீங்கணா, இப்ப விக்கறதில்ல... இல்ல இல்ல, அவரு சொல்லல, நான்தான் சொல்றேன்... அவரால பேச முடியாதுங்க, அண்ணாந்துகினு இருக்காரு. வெச்சுடறேன்."

தீனா வட்டம் போட்டுக்கொண்டே இருந்தார். ஏன் இறக்கவில்லை என்று வீரமுத்து கேட்டதற்குத்தான் உண்மை வெளியே வந்தது.

"தண்ணில எறக்கி எனக்குப் பழக்கமே இல்லடா."

"கரும்புல மட்டும் பழகிட்டியாணா? எறக்கு, நான் பரிசலோட நிக்கறேன்."

பேட்டரி தீர்வதற்குள் இறக்கித்தானே ஆகவேண்டும். காற்றுக்கு எதிராகத் திருப்பி, வேகத்தைக் குறைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டார். ப்ளேன் ஒரு தடவை தண்ணீரைத் தொட்டு, கொக்கு மாதிரி எகிறி, இரண்டாம் தடவை உட்கார்ந்தது. உட்கார்ந்து, கரைப் பக்கம் தானாக மெல்ல வந்தது. தீனா செருப்போடு முழங்கால் தண்ணீரில் இறங்கிக் குழந்தையை வாங்குவது போல வாங்கிக்கொண்டார்.

"போன் அடிச்சிதே, யாரு?" என்றார் கரையேறி.

செல்வி முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. "விழுப்புரத்துக்காரருதான். நாளைக்கி மொத பஸ்ஸுல வராராம்."

"நீ இன்னா சொன்ன?"

"நான் இன்னாத்த சொல்றது? வாங்கன்னுதான் சொன்னேன். எழும்பாதுன்னு நெனச்சி காலையிலயே அவருக்கு வாக்கு குடுத்துட்டேனே."

வீரமுத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். செல்வி அவனைப் பார்த்த பார்வையில் வலையை எடுத்துக்கொண்டு பரிசலுக்குப் போய்விட்டான்.

டிவிஎஸ் கிளம்பியது. தீனா பின்னால் ப்ளேனை மடியில் வைத்து, சட்டை நுனியால் ஈரத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். வண்டி கோமுகி வாய்க்காலைத் தாண்டியது. அப்புறம் பெருமூச்சு விட்டுச் சொன்னார்:

"செல்வி, எடது ரெக்கைல உள்ள ஒரு ஒட்டு இருக்குது. வெளிய தெரியாது. அவராண்ட அத சொல்லிடணும், ஏமாத்திப்புட்டோம்னு ஆயிடக்கூடாது."

"சொல்லிடுங்க."

"பேட்டரிய வெயில்ல வெக்கக்கூடாதுன்னும் சொல்லணும்."

"ம்."

"அந்த மிதவைய மட்டும் நம்மளே வெச்சிக்கலாமா? அவரு ஊருல அணை இல்ல."

செல்வியின் தோள் குலுங்கியது. வண்டியும் கொஞ்சம் குலுங்கியது. ரோட்டில் பள்ளம் என்று நினைத்து தீனா ப்ளேனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ரோடு என்னவோ நன்றாகத்தான் இருந்தது.