நான் ஒட்டவிருந்த கிணற்றுப் பட்டியல்

என் தம்பியின் மகள் பல்கலைக்கழக மாணவி. எங்கள் ஊர்க் கிணற்று நீரில் உரத்தின் நச்சு எவ்வளவு கலந்துள்ளது என்று ஆய்வு செய்கிறாள். சனசமூக நிலையச் செயலாளர் என்ற முறையில் அவளை வீடு வீடாக அழைத்துச் சென்றவன் நான்.

முடிவுகள் வந்ததும், உரிமையாளர் பெயர்களுடன் அவற்றைப் பிரதி செய்து நிலையத்தின் அறிவித்தற் பலகையில் ஒட்ட முனைந்தேன். அதனைப் பொதுச்சேவை என்றே கருதினேன். அன்று அவள் மாணவ ஆய்வாளருக்கான பயிற்சிக் கருத்தரங்குக்குச் சென்றிருந்தாள். "ஒரு சான்றிதழுக்கும் சோத்துப் பாசலுக்குமோ ஒரு நாளை வீணாக்கிறாய்?" என்று காலையில் கேலி செய்திருந்தேன்.

நான் பசை பூசிக்கொண்டிருந்தபோது சைக்கிளில் வந்திறங்கினாள்.

"பெரியப்பா, ஒட்டாதேங்கோ! ஆக்களின்ரை பேரை வெளியிலை விடக்கூடாதெண்டு இண்டைக்குத்தான் சொல்லித் தந்தவை."

"ஊருக்குத் தெரிஞ்சால் நல்லதுதானே, பிள்ளை?"

"மூண்டாவது பேரைப் பாருங்கோ. நாளைக்கு அவவிட்டை ஆர் இடியப்பம் வாங்குவினம்?"

அது பரமேஸ்வரியின் பெயர். பட்டியலில் அவருடைய கிணற்றில் மட்டுமே நச்சு அளவுக்கு மிஞ்சியிருந்தது. கணவரை இழந்த அவர், கடைகளுக்கு இடியப்பம் கொடுத்தே இரு பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். தாளைக் கிழித்தெறிந்தேன். மாலையே இருவரும் சென்று அவரிடம் மட்டும் விடயத்தைக் கூறினோம்.

"நல்லகாலம் அண்ணை, எனக்குச் சொன்னியள்" என்றார். மறுநாள் முதல், சோதனையில் நல்லதெனத் தேறிய கோயிற் கிணற்று நீரிலேயே மாக் குழைக்கிறார்.

இப்போது கருத்தரங்கு நாட்களில் மகளைப்போல் அல்ல, ஆசிரியரைப்போல் அவளை எண்ணிப் பேருந்து நிலையம்வரை நானே ஏற்றிச் செல்கிறேன். இதனையும் அந்தப் பெண்மணியின் சம்மதம் பெற்ற பின்னரே எழுதினேன். அவருடைய பெயரையும், அவர் விற்கும் பண்டத்தையும் மாற்றியுள்ளேன்.