சேவுப் பொட்டலத்தில் வந்த உடற்பயிற்சி

“ஏட்டி, பிள்ளை பெறுததுக்கும் பேப்பரைப் பாத்துத்தான் பெறணுமோ?”

என் கணவரின் அக்கா, அதாவது என் மதினி, இப்படிக் கேட்டு ஏழு வருஷம் இருக்கும். தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம். கோவில்பட்டிக்குக் கிழக்கே, மழை பெய்தால் கால் வைக்க முடியாத, பெய்யாவிட்டால் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிற ஒரு கரிசல் ஊருக்கு நான் வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தேன். எனக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

என் அப்பா ஆடு மேய்ப்பவர். அம்மாவும் அவருடன் வெயிலில் நடந்தே வாழ்ந்தவர். இரண்டு பேருக்கும் ரேகை வைத்துத்தான் பழக்கம். எங்கள் வம்சத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய், கோவில்பட்டியில் பி.ஏ. வரை படித்தவள் நான்தான். புகுந்த ஊரிலும் அந்தப் பெருமை கூடவே வந்தது. ரேஷன் கார்டு மனுவா, மருந்துச் சீட்டா, பேங்கிலிருந்து வந்த கடிதமா, எல்லாம் எங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும். நான் வாசித்துச் சொன்னால் மறுபேச்சு கிடையாது. அந்த ருசி எனக்கு நன்றாகவே பழகியிருந்தது.

என் கணவர் தீப்பெட்டிக் கம்பெனியில் வேன் டிரைவர். மசக்கை தீர்ந்த பிறகு எனக்குக் காரச்சேவு மேல் ஒரு வெறி. ஒருநாள் கோவில்பட்டியிலிருந்து வாங்கி வந்தார். சேவைத் தின்று முடித்துப் பொட்டலத்தைப் பிரித்தால், உள்ளே ஒரு பத்திரிகைத் தாள். உடற்பயிற்சிப் படங்கள்! தாளின் மேல்பாதி கிழிந்துபோயிருந்தது. ‘இரண்டாவது பயிற்சி’ என்றுதான் ஆரம்பமே. மல்லாந்து படுத்து இரண்டு கால்களையும் சேர்த்துத் தூக்கி, பத்து எண்ணும்வரை அப்படியே நிறுத்த வேண்டும். அடுத்ததில் படுத்தபடியே தலையையும் தோளையும் தூக்க வேண்டும். நடுநடுவே ‘பிரசவம்’, ‘தாய்’, ‘வயிற்றுத் தசை’ என்ற வார்த்தைகள். எனக்கு அது போதும். எண்ணெய்க் கறையைத் துடைத்து, சோற்றுப் பருக்கையால் ஓர் அட்டையில் ஒட்டிவிட்டேன்.

அந்தச் சமயத்தில் எனக்கு அப்படி ஒன்று தேவையாகவும் இருந்தது. உடம்பை அசைக்காதே என்றார் மாமியார். வீட்டு வேலையில் குனிந்து நிமிர்ந்தால் போதும் என்றார் மதினி. மதினி நாலு பிள்ளை பெற்றவர், அடுத்த வீட்டிலேயே இருந்தார், வாய் ஓயாது. எனக்கோ இடுப்புவலி, காலில் வீக்கம். சுகப்பிரசவம் ஆக என்ன செய்யலாம் என்று யாரிடமாவது கேட்கவும் கூச்சம். ஊரே என்னிடம் கேட்கும்போது நான் போய் யாரிடம் கேட்பது?

எதிர்வீட்டு அக்காவுக்கு ஆறாம் மாதம். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து உண்டான பிள்ளை. எத்தனையோ கோயில், எத்தனையோ டாக்டர், எத்தனையோ பேச்சு எல்லாம் தாண்டி வந்தது. அந்த அக்கா தீப்பெட்டிக் கம்பெனியில் கட்டை அடுக்குகிறவர். வரி வரியாகப் பள்ளம் வெட்டிய மரச்சட்டத்தில் குச்சிகளை அடுக்கும் வேலை. காலை மடக்கி உட்கார்ந்தால் பொழுது சாயத்தான் எழுவார்கள். சாயங்காலம் கம்பெனி வேனை விட்டு இறங்கும்போது கால் மரத்துப்போய், கதவைப் பிடித்துக்கொண்டே நிற்பார்.

“டீச்சரம்மா, எனக்கும் சொல்லிக் குடுங்களேன். நல்லபடியாப் பெத்து எடுத்துட்டாப் போதும் எனக்கு” என்றார். நான் டீச்சரே இல்லை. படித்தவள் என்பதால் அவராக வைத்த பெயர் அது. ஆனால் அப்படிக் கூப்பிட்டபோது எனக்கு உள்ளே இனித்தது.

தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டு உள்அறையில் இரண்டு பாய் விரிப்போம். நான் ‘ஒன், டூ, த்ரீ’ என்று இங்கிலீஷில் எண்ணுவேன். மதினி வாசற்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். ஒருநாள் அட்டையைக் கையில் வாங்கி, கிட்டே வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“ஏட்டி, இந்தப் படத்துல உள்ளவளுக்கு வயித்தையே காணுமே?”

“படம் போடுதவங்க அழகுக்காக அப்படித்தான் போடுவாங்க மதினி. அடியில என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சாத்தான் தெரியும்” என்றேன்.

அவர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “என்னமோ போ. எனக்கு எழுத்துத் தெரியாது, வயிறு தெரியும்” என்று எழுந்து போனார். நான் சிரித்துக்கொண்டேன். அதோடு விட்டேனா? அழகான கையெழுத்தில் இரண்டு பிரதி எழுதி, படமும் வரைந்து, தெருவில் மாதமாக இருந்த இன்னும் இரண்டு பேருக்குக் கொடுத்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். ஐப்பசி அடைமழை விட்ட ஒரு காலை. எதிர்வீட்டு அக்கா வேனுக்கு வரவில்லை. போய்ப் பார்த்தால், சுவரோடு சாய்ந்து அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“எழுந்திரிக்க முடியல டீச்சரம்மா. இழுத்துப் பிடிக்குது. நேத்து படுத்துக் காலைத் தூக்குனோம்லா, அப்பவே சுளீர்னுச்சு. நீங்க வருத்தப்படுவீயன்னு சொல்லல.”

உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், அதற்குக் கம்பெனி வேன்தான் கதி. வேன் ஊருக்குள் வர வழியில்லை, தார் ரோட்டில்தான் நிற்கும். கரிசலில் மழைக்குப் பிறகு நடந்தவர்களுக்குத் தெரியும். அடிக்கு அடி மண் காலில் அப்பி, பத்தடி போவதற்குள் காலே ஒரு படி கனமாகிவிடும். அக்காவை நானும் மதினியும் இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டோம். பத்தடிக்கு ஒருதரம் மதினி குனிந்து, குச்சியால் எங்கள் மூன்று பேர் பாதத்திலும் இருந்த மண்ணைச் சுரண்டிவிட்டார். அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. அதுவே எனக்கு இன்னும் பயமாக இருந்தது. என் முந்தானையில் அந்த அட்டை இருந்தது. எதற்கு எடுத்தேன் என்று எனக்கே தெரியாது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அக்காவைப் படுக்க வைத்து, புனல் மாதிரி இருந்த குழாயை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார். நாங்கள் மூன்று பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தார்.

“பிள்ளை ஜம்முனு இருக்கு.”

அக்கா ஓவென்று அழுதேவிட்டார். இரத்தம் பட்டதா, தண்ணீர் போனதா, வயிறு இறுகி இறுகி விடுகிறதா என்றெல்லாம் டாக்டரம்மா கேட்டு, சோதித்துப் பார்த்தார். வயிற்றுத் தசையில் சுளுக்குத்தான், சில நாள் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்றார். பிறகு கேட்டார்:

“என்னத்தம்மா தூக்குன? குடமா, விறகா?”

அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். “ஒண்ணும் தூக்கல” என்றார். என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனமில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஊரில் என் பெயரும் அப்படியே இருந்திருக்கும். ஆனால் எழுதிக் கொடுத்த அந்த இரண்டு பிரதிகள் ஞாபகத்துக்கு வந்தன. அந்த இரண்டு வீட்டிலும் இரண்டு வயிறுகள். முந்தானையிலிருந்து அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

“நான்தான் டாக்டர் சொல்லிக் கொடுத்தேன். இதைப் பார்த்து.”

டாக்டரம்மா அட்டையைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார்.

“படிச்சிருக்கியா?”

“பி.ஏ.”

“சரி. இந்தப் பொண்ணுக்கு வயிறு எங்கம்மா?”

எனக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம். மதினிதான். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் சிரிப்பாக வெடித்துவிட்டது. “நான் அன்னைக்கே கேட்டேன்லா! நான் அன்னைக்கே கேட்டேன்லா!” என்று வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். படுத்திருந்த அக்காவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஏ சிரிக்க வைக்காதிய மதினி, இழுக்குது.” நர்சும் சிரித்தார். கடைசியில் நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீரோடு.

அது பிரசவத்துக்குப் பிறகு, தளர்ந்த வயிறு இறுகுவதற்குச் செய்கிற பயிற்சியாம். அதையும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டுமாம். மாதமாக இருக்கும்போது, அதுவும் நாலு மாதத்துக்கு மேல், மல்லாந்து படுத்துச் செய்யும் எதுவும் வேண்டாம் என்றார். என்னையும் சோதித்துவிட்டு, “உனக்கு ஒண்ணும் இல்ல, நீ கெட்டிக்காரி” என்றார். எந்த அர்த்தத்தில் சொன்னாரோ!

திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார். “செய்யணும்னு நெனச்சது நல்லதுதான். எதைச் செய்யணும்னுதான் கேட்டிருக்கணும்” என்றவர், நிதானமாகச் சொல்லிக் கொடுத்தார். நடப்பதுதான் முதல் பயிற்சி. வெயில் ஏறுமுன் நடக்க வேண்டும். நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிந்தால் அந்த வேகம் சரி, பேச முடியாவிட்டால் அதிகம். சுவரில் உள்ளங்கையை ஊன்றித் தள்ளுவது, உட்கார்ந்து பாதத்தைச் சுழற்றுவது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்து எழுவது. தலைசுற்றல், வலி, இரத்தம், மூச்சு முட்டல், எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். எல்லாருடைய உடம்பும் ஒன்றல்ல, சிலருக்கு ஓய்வுதான் வைத்தியம், அதனால் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் காட்டிக் கேட்ட பிறகுதான் தொடங்க வேண்டும் என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார். அக்கா எத்தனை மணி நேரம் மடக்கிய காலை நீட்டாமல் உட்காருகிறார் என்று கேட்டதும்தான் அவர் முகம் மாறியது. “மணிக்கு ஒருதரமாவது எழுந்து நடக்கணும்” என்றார். “எழுந்தா கட்டை குறையுமே, கட்டைக் கணக்குலதான கூலி” என்றார் அக்கா.

ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக, கொடுத்த பிரதிகளைத் திருப்பி வாங்கப் போனேன். அதுதான் அந்த நாளிலேயே எனக்குக் கஷ்டமான நடை. “நான் தப்பா எழுதிக் கொடுத்துட்டேன், செய்யாதீங்க” என்று வாசலில் நின்று சொன்னேன். முதல் வீட்டுப் பெண், “எங்க செஞ்சேன்? அதுக்கு எனக்கு நேரம் ஏது?” என்றாள். இரண்டாவது வீட்டில் அது சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. “எவ்வளவு அழகா எழுதியிருந்திய! கிழிக்க மனசே வரல” என்றாள். பொட்டும் வைத்திருந்தாள்!

அக்காவுக்கு வலி சரியாகி, பிரதி வாங்கிய இரண்டு பேரும் சேர்ந்து நாங்கள் நாலு பேரும் தனித்தனியாக ஆஸ்பத்திரியில் காட்டிக் கேட்ட பிறகு, கண்மாய்க்கரையில் நடக்க ஆரம்பித்தோம். வேன் வருமுன் விடிகாலை நேரம். மதினியும் வந்தார். பேசிக்கொண்டே நடக்க வேண்டும் என்பதுதான் டாக்டரம்மா சொன்னதிலேயே அவருக்கு ரொம்பப் பிடித்தது. ஊர்க்கதை ஒன்று பாக்கியில்லை. யாராவது ‘உம்’ கொட்டாமல் வந்தால் போதும், “ஏட்டி, உனக்கு மூச்சு வாங்குது, உக்காரு” என்று கரையிலேயே உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பார். கடிகாரம்கூட அவ்வளவு சரியாகக் காட்டாது.

டீக்கடையில் ஒருவர், “என்ன மதினி, பட்டாளத்துக்கு ஆள் எடுக்குதீயளோ?” என்று கேட்டார்.

“ஆமா அண்ணாச்சி, வயிறு இருந்தா நீங்களும் சேந்துக்கிடலாம்னு சொல்லிருக்காவ. உங்களுக்குத்தான் நல்லாவே இருக்கே” என்றார் மதினி. பெஞ்சில் இருந்தவர்கள் டீயைத் துப்பிச் சிரித்தார்கள். அப்புறம் யாரும் கேட்கவில்லை.

மாசியில் எதிர்வீட்டு அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எட்டு வருஷம் காத்திருந்த வீட்டில் அன்று தெரு முழுக்கச் சீனி வழங்கினார்கள். அடுத்த மாதம் எனக்கும் பெண். இரண்டு பேரும் இப்போது ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருகிறார்கள். அக்கா இன்றைக்கும் என்னை ‘டீச்சரம்மா’ என்றுதான் கூப்பிடுகிறார். மதினி மட்டும் அவ்வப்போது, “வயித்தைக் காணும்” என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

படித்தவள் என்ற பெருமை எனக்கு இன்றும் குறையவில்லை, குறைய வேண்டியதும் இல்லை. எனக்குத் தெரியாததை எங்கே போய்க் கேட்பது என்பதையும் அந்தப் படிப்போடு சேர்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். போன மாதம் தீப்பெட்டிக் கம்பெனி மேனேஜருக்கு ஒரு மனு எழுதினேன். மாதமாக இருக்கும் பெண்களை மணிக்கு ஒருமுறை எழுந்து முற்றத்தில் நடக்க விட வேண்டும், அதற்காகக் கூலியில் கை வைக்கக் கூடாது என்று கேட்டிருந்தேன். எழுதியதை அப்படியே கொண்டுபோய் டாக்டரம்மாவிடம் காட்டினேன். ஒரு வரியை அடித்தார், குடிதண்ணீர் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தார். அதைத் திருத்தமாகப் பார்த்து எழுதி, கட்டை அடுக்குகிற பதினேழு பேரிடம் கையெழுத்தும் ரேகையும் வாங்கி, போன திங்கட்கிழமை காலையில் மேனேஜர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.