எஸ்தர் அக்காவின் ஜன்னல்

திருவொற்றியூரில் ஒரு சந்துக்குள் அறை பிடித்துச் சிப்பிக் காளான் வளர்க்கிறேன். போன சித்திரையில் ஒரு நாள் காலை ஏசி நின்றுபோனது. காளான் பைகள் தாமாகவே சூடு கக்கும். அறையும் சூடானால் மொத்தமும் அழுகி நாறிவிடும். மெக்கானிக் சாயங்காலம்தான் வர முடியும் என்றார்.

ஈரச் சாக்குகளைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன். மீன் விற்கும் பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா வந்து, "இன்னாம்மா, மிஷினு நின்னுபூட்ச்சா? மீனுக்கு வாங்குன ஐஸு கீது, வந்து எடுத்துக்க" என்றார். நான் யாரிடமும் சொல்லவே இல்லை.

அன்றுதான் முதல்முறையாக அவர் வீட்டுக்குள் போனேன். ஒரே அறை, ஒரே ஜன்னல். கை நீட்டினால் தொடும் தூரத்தில் என் ஏசியின் வெளிப்பெட்டி. படுத்த படுக்கையாகக் கிடக்கும் அவர் கணவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தார்.

"ஜன்னல இன்னிக்குதாம்மா தொறந்தோம். மிஷினு ஓடுனா அனலு அடிக்குது, இவரால தாங்க முடியல" என்றார் அக்கா. குரலில் கோபமே இல்லை.

அந்த ஐஸை ஃபேனுக்கு முன்னால் வைத்துத்தான் காளானைக் காப்பாற்றினேன். சாயங்காலம் ஏசி ஓடத் தொடங்கியதும், அந்த ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது.

இந்த அறுவடை முடியட்டும், பெட்டியை மாடிக்கு மாற்றிவிடலாம் என்று அப்போது நினைத்தேன். அதன்பிறகு எத்தனையோ அறுவடை முடிந்துவிட்டது. பெட்டி அங்கேயேதான் இருக்கிறது. அக்கா இன்றும் என்னைப் பார்த்தால், "சாப்ட்டியாம்மா?" என்றுதான் கேட்கிறார்.